மயில் மாண்டிஸ் இறாலுக்கு ஓட்டு நோய்: மருந்துக் குப்பியை மூடி வையுங்கள்

முதலில் அந்த நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். இதே தொல்லையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். சென்னையில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. அதில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மயில் மாண்டிஸ் இறால், அதாவது குண்டு முனைக் கால்களால் கிளிஞ்சலை அடித்து உடைக்கும் கடல் பிராணி. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. முதுகோட்டின் ஓரத்தில் துருப்பிடித்தது போல ஒரு பழுப்புத் திட்டு, வால் விசிறியில் இரண்டு கரிய குழிகள். வாரத்துக்கு வாரம் அவை பெரிதாகின்றன. தீனி மட்டும் குறையவில்லை. கடைக்காரர் காப்பர் கலந்த ஒரு குப்பியையும் டெட்ராசைக்ளின் மாத்திரைகளையும் கொடுத்திருக்கிறார். எதை முதலில் போடுவது என்று கேட்கிறீர்கள். தொட்டியில் இருக்கும் டாம்செல் மீன்களுக்கும் துறவி நண்டுக்கும் தொற்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு மருந்தும் வேண்டாம். காப்பர், மீன்களின் மேல் ஒட்டும் ஒட்டுண்ணிகளைக் கொல்வதற்கானது. இறால், நண்டு வகைகளுக்கு அது நஞ்சு. இத்தனைக்கும் இவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான். இரத்தம் நீலமாக இருப்பதும் அதனால்தான். உடம்புக்குள் அளவோடு கட்டுப்பட்டிருக்கும் செம்பு வேறு, நீரில் கரைந்து செவுளைத் தாக்கும் செம்பு வேறு. ஏற்கெனவே கொஞ்சம் ஊற்றிவிட்டீர்கள் என்றால், இன்றே பாதி நீரை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பனும் செம்பை உறிஞ்சும் ரெசினும் வடிகட்டியில் வையுங்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பு மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். ஆகவே மீன்களுக்குக் காப்பர் போட்ட பழைய தொட்டியின் கல்லை இந்தத் தொட்டிக்குக் கொண்டுவரவே கூடாது.

உங்கள் வர்ணனையைப் பார்த்தால் இது ஓட்டு நோய்தான் என்று தோன்றுகிறது. இறாலின் ஓட்டுக்கு மேலே மெழுகுப் பூச்சு போன்ற மெல்லிய மேலுறை ஒன்று உண்டு. அதற்குக் கீழேதான் கைட்டின் என்ற உறுதியான நார்ப்பொருளும் புரதமும் சுண்ணாம்பும் கலந்து இறுகிய கெட்டியான அடுக்குகள். கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்கள் எல்லாக் கடலிலும் இருக்கின்றன. விப்ரியோ, ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் ஆகிய இனங்கள் ஓட்டு நோய்ப் புண்களில் அடிக்கடி கிடைப்பவை. மேலுறை முழுமையாக இருக்கும் வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சிராய்ப்போ, கப்பலிலும் விமானத்திலும் வந்தபோது பட்ட அடியோ, ஊட்டம் குறைந்து மெலிந்த ஓடோ வழிவிட்டால் உள்ளே நுழைந்து அரிக்கத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் கருமை நோயின் நிறம் என்று நினைக்க வேண்டாம். புண்ணைச் சுற்றி இறால் தானே எழுப்பும் மெலனின் என்ற கரிய நிறமித் தடுப்பு அது.

அமெரிக்கக் கடல் சிங்கி இறாலில்தான் (லாப்ஸ்டர்) இந்த நோய் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. 1937-இல் அங்கே முதலில் விவரிக்கப்பட்டதே பிடித்து அடைத்து வைத்திருந்த சிங்கி இறால்களில்தான். பிறகு 1990-களின் இறுதியில், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் கடலிலேயே ஒரு கடுமையான வகை பரவியது. நீர் சூடேறிய பகுதிகளில் பாதிப்பு அதிகம். முட்டை சுமக்கும் பெண் சிங்கிகள்தான் மிக மோசமாக அடிபட்டன. காரணம் எளியது: முட்டை வயிற்றோடு ஒட்டியிருக்கும் மாதங்களில் அவை ஓடு கழற்றுவதில்லை, அதாவது பழைய ஓட்டை உரித்துவிட்டுப் புதியதுக்கு மாறுவதில்லை. பழைய ஓட்டையே சுமந்து திரிவதால் அரிப்புக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது.

உங்கள் இறாலுக்கும் கணக்கு இதுதான். பாக்டீரியா அரிக்கும் வேகத்துக்கும் அடுத்த ஓடு கழற்றலுக்கும் நடுவே ஒரு போட்டி. அரிப்பு ஓட்டோடு நிற்கும் நிலையில் இறால் ஓடு கழற்றினால் நோயும் ஓட்டோடு போய்விடும். அரிப்பு கீழே இருக்கும் உயிர்த்தோலை எட்டிவிட்டால், அந்த இடத்தில் புதிய ஓடு சரியாக உருவாகாது. பழைய ஓடு புதியதோடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமலே இறால் சாகவும் செய்யலாம். ஆகவே உங்கள் வேலை, அடுத்த ஓடு கழற்றல் வரை அரிப்பை மெதுவாக்கி, இறாலைத் தெம்போடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதைவிட நல்ல மருந்து இதற்குக் கிடையாது. குட்டிகள் அடிக்கடி ஓடு கழற்றுவதால் எளிதில் தப்பிவிடும். உங்களுடையதைப் போல வளர்ந்தவை சில மாதங்களுக்கு ஒரு முறைதான் கழற்றும். கவலை அங்கேதான்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். கைபேசியில் பெரிதாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, இறாலைப் படம் எடுங்கள். நேராக அடித்தால் குழி தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் விளிம்பு நிழல் விழும். மயில் மாண்டிஸின் முதுகோட்டுப் பக்கங்களில் சிறுத்தைப் புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். அவை வழவழப்பானவை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். நோய்த் திட்டு ஒரு பக்கம் மட்டும் இருக்கும், விளிம்பு தின்னப்பட்டது போல இருக்கும், நடுவில் பள்ளம் விழும். அடிக்கும் காலின் குண்டு முனையில் தேய்மானமும் சிறு குழிகளும் இருந்தால் பதற வேண்டாம். நொடிக்கு 23 மீட்டர் வரை வேகத்தில் கிளிஞ்சலை உடைக்கும் கை அது. 2004-இல் ஆய்வாளர்கள் அளந்து சொன்ன வேகம். தேய்வது வழக்கம், அடுத்த ஓட்டில் புதிதாகிவிடும். ஓடு கழற்றுவதற்கு முன் உடல் முழுவதும் நிறம் மங்குவதும் நோய் இல்லை.

வயிற்றுப் பக்கத்தையும் பாருங்கள். மாண்டிஸ் இறாலின் செவுள்கள் மற்ற இறால்களைப் போல முதுகோட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதில்லை. வயிற்றின் நீந்து கால்களில் தொங்கும் மெல்லிய நூல் கொத்துகள்தான் செவுள். இறால் கண்ணாடியோரம் நிமிர்ந்து நிற்கும்போது அவை விசிறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். அவை வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு கதை. ஜப்பானில் உணவுக்காகப் பிடிக்கப்படும் மாண்டிஸ் இறாலின் செவுள்களில் பூஞ்சை புகுந்து பழுப்பாக்கும் நோய் பதிவாகியிருக்கிறது. உங்கள் இறாலுக்கு அப்படி இருந்தால் கீழே சொல்பவை உதவும், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. முதலாவது வெளிச்சம். உங்கள் தொட்டிக்கு மேலே பவளத்துக்கான எல்.இ.டி. விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அணைத்துவிடுங்கள். மயில் மாண்டிஸ் 3 முதல் 40 மீட்டர் ஆழத்தில், பவளத் திட்டின் அடிவாரச் சரளையில் வளை தோண்டி வாழும் பிராணி. பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக மாண்டிஸ் இறால்களை ஆராய்ந்த ராய் கால்டுவெல் (நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), வளர்ப்போருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: தொட்டிகளில் ஓட்டு நோய்க்கு எளிதில் ஆளாகும் இனம் இது, கடும் வெளிச்சத்தையும் மோசமான வளையையும் சந்தேகியுங்கள். வெளிச்சம் ஓட்டை எப்படிக் கெடுக்கிறது என்ற விளக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விளக்கை அணைக்கக் காசு செலவில்லை, இறாலுக்கும் நட்டமில்லை. அறையின் சாதாரண வெளிச்சம் அதற்குத் தாராளம். இரவில் சிவப்பு விளக்கு போட்டுப் பார்த்தால் அதற்குத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். புற ஊதாவிலிருந்து அடர்சிவப்பு வரை பார்க்கும் கண்களிடம் அந்தத் தந்திரம் பலிக்காது.

இரண்டாவது வளை. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீங்கள் வைத்திருப்பது இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு இடுக்கு. சொரசொரப்பான கல்லில் அது நாள் முழுவதும் உரசிக்கொண்டு போய் வருகிறது. உடம்பு முழுவதும் மறையவும் இடமில்லை. வால் விசிறியில் குழி விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிளம்பிங் கடையில் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் வாங்குங்கள். படுக்கைக் குழாய் இறாலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 40 சென்டிமீட்டர் இருக்கட்டும். இரண்டு முனையிலும் எல்போவை மேல்நோக்கிச் செருகி, அந்த வாய்கள் மட்டும் வெளியே தெரியும்படி பவளச் சரளைக்குள் புதையுங்கள். பசை வேண்டாம், அழுத்திச் செருகினாலே போதும். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி மழுக்குங்கள். குழாய்க்குள் அது தலைகீழாகச் சுருண்டு திரும்பும். அதற்கு இடம் வேண்டும் என்பதால்தான் இந்த விட்டம். பக்கத்தில் உடைந்த கிளிஞ்சல், சிறு கற்கள் கொஞ்சம் இறைத்து வையுங்கள். வாசலை அடைக்க அதற்கு அவை தேவை. பழைய இடுக்கை உடனே கலைக்காதீர்கள். புது வீட்டுக்குத் தானே குடிபோகும். போன பிறகு கல்லை எடுங்கள்.

மூன்றாவது நீர். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். உங்கள் நைட்ரேட் 60 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 60 பங்கு) காட்டுகிறது. 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். மூன்று நாட்களுக்கு ஒரு முறை 15 சதவீதம் மாற்றினால் சில வாரங்களில் இறங்கிவிடும். உப்பின் அளவு (ஒப்படர்த்தியில்) 1.025, பி.எச். 8.1 முதல் 8.4, கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச். கால்சியம் முக்கியம். ஓடு கழற்றுமுன் பழைய ஓட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை இறால் திரும்ப எடுத்துக்கொள்ளும். புது ஓட்டை இறுக்க மீதியை நீரிலிருந்துதான் பெற வேண்டும். மெரினாவிலிருந்தோ நீலாங்கரையிலிருந்தோ குடத்தில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றும் வழக்கத்தை இப்போது நிறுத்துங்கள். கரையோர நீரில் என்ன கலந்திருக்கிறது என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு கலந்ததே போதும்.

வளையின் வாசலைத் தினமும் பாருங்கள். தின்று முடித்த நண்டு ஓட்டையும் கிளிஞ்சலையும் அது வெளியே தள்ளி ஒரு குப்பை மேடு போட்டிருக்கும். நண்டு ஓட்டுத் துணுக்கும் கைட்டின்தான். அதை அங்கேயே மக்கவிடுவது, இறாலின் ஓட்டைத் தின்னும் அதே கூட்டத்துக்குப் பந்தி வைப்பதாகும். நீளமான இடுக்கியால் எடுத்துவிடுங்கள், கையை விட வேண்டாம்.

வெப்பம் சென்னைக்காரர்களின் தனித் தலைவலி. 24 அல்லது 25 டிகிரி செல்சியஸ் இதற்கு ஏற்றது. மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டி நீர் 31, 32-ஐத் தொடும். சூடு ஏற ஏற பாக்டீரியா பெருகும், நீரில் ஆக்சிஜன் குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விசிறியால் ஆவியாகும் நீரை ஆர்.ஓ. நன்னீரால் தினமும் ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். முடிந்தால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்குங்கள். விலை அதிகம்தான். ஆனால் இந்தப் பிராணியை இந்த ஊரில் வளர்ப்பது என்றால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தீனியில் நீங்கள் உறைந்த பண்ணை இறாலை மட்டுமே கொடுக்கிறீர்கள். மாற்றுங்கள். ஊட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பண்ணை இறாலில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கக்கூடும். உறைய வைத்தாலும் அது சாவதில்லை. மட்டி, பச்சை ஆளி, கடல் நத்தை ஆகியவற்றை முக்கியத் தீனியாகக் கொடுங்கள். காசிமேட்டில் புதிதாகக் கிடைப்பவற்றை ஓட்டோடு வாங்கலாம். வாரத்தில் மூன்று முறை போதும். அயோடின் ஊற்றினால் உடனே ஓடு கழற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எப்போது கழற்றுவது என்பதைக் கண்காம்பில் சுரக்கும் ஹார்மோன் முடிவு செய்கிறது. உப்புக் கலவையில் உள்ள அயோடினே போதும், கூடினால் அதுவும் நஞ்சு.

டெட்ராசைக்ளினுக்கு வருகிறேன். கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். வெளிச்சத்திலும் அது சிதையும். மாத்திரையை உடைத்துத் தொட்டியில் கொட்டினால் இறாலுக்குச் சேரும் பங்கு சொற்பம். ஆனால் வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்று உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அடிவாங்கலாம். அரைகுறை மருந்தில் பிழைக்கும் விப்ரியோவுக்கு எதிர்ப்புச் சக்தி வளரவும் வாய்ப்பு உண்டு. தீனியில் கலந்து கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது புண்ணின் மாதிரியைப் பரிசோதித்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்த பிறகு ஒரு கால்நடை மருத்துவர் செய்ய வேண்டியது. சாந்தோமில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் வேலை பண்ணை இறாலோடுதான் என்றாலும், இறால் நோயை அறிந்தவர்களைத் தேடினால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

பிடித்து வெளியே எடுத்து அயோடின் தடவுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒற்றுவது, நன்னீரில் முக்குவது ஆகிய யோசனைகளும் உங்கள் காதுக்கு வரும். நன்னீர் முக்கல் இதற்குப் பேராபத்து. மற்ற இரண்டிலும் வலையில் துள்ளி உண்டாகும் புதுச் சிராய்ப்புகள், தடவிய மருந்தின் பலனை விழுங்கிவிடும்.

சில வாரங்களில் ஒரு நாள் அது தின்னாது. குழாயின் இரண்டு வாயையும் கல்லும் கிளிஞ்சலும் வைத்து அடைத்துக்கொள்ளும். நாற்றம் வருகிறதா, செத்துவிட்டதா என்று கிளறிப் பார்க்கத் தோன்றும். கிளறக் கூடாது. ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரமும் ஆகலாம். அம்மோனியாவை மட்டும் அளந்துகொண்டிருங்கள். அது ஏறாத வரை உள்ளே உயிர் இருக்கிறது என்றே கொள்ளலாம். அந்த நாட்களில் பெரிய நீர் மாற்றமும் வேண்டாம்.

கழற்றிய ஓட்டைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அதை இடுக்கியால் எடுத்து, நன்னீரில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். குழி இருந்த இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று மிஞ்சியிருந்து அதன் வழியே மங்கலாக வெளிச்சம் வந்தால், அரிப்பு உள்ளே போகவில்லை. ஊசி குத்தியது போல முழுத் துளை இருந்தால், புது ஓட்டின் அதே இடத்தை அடுத்த மாதம் முழுவதும் கவனியுங்கள். அங்கே தழும்பு இருக்கலாம். தழும்பு பெரிதாகாமல் இருந்தால் போதும், அடுத்த கழற்றலில் இன்னும் சீராகும். கால் ஒன்று போயிருந்தாலும் ஒன்றிரண்டு கழற்றல்களில் வளர்ந்துவிடும். ஓடு இறுகும் வரை ஒரு வாரமாவது உயிருள்ள நண்டு எதையும் உள்ளே விடாதீர்கள்; இளகிய ஓட்டோடு அடித்தால் தன் கையையே அது உடைத்துக்கொள்ளும்.

உங்களுடையது இன்னும் தின்கிறது, வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது, குழிகள் வாலோடு நிற்கின்றன. இப்படிப்பட்டவை பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வளையை விட்டு வெளியே கிடப்பதும், தீனியைத் தொடாமல் விடுவதும், குழிக்குள் சதை தெரிவதும் சேர்ந்து வந்தால்தான் கைவிட்ட நிலை.

தொற்றைப் பற்றி. டாம்செல் மீன்களுக்குக் கைட்டின் ஓடு கிடையாது, அதனால் இந்த நோயும் வராது. நத்தையின் ஓடு சுண்ணாம்பு, அதற்கும் பயமில்லை. துறவி நண்டுக்கு வரக்கூடும், ஆனால் அதன் ஆயுள் உங்கள் மாண்டிஸுக்குப் பசிக்கும் வரைதான். வீட்டில் வேறு இறால் தொட்டி இருந்தால் வலை, குழாய், இடுக்கி எதையும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கையை விடுங்கள். சில விப்ரியோ இனங்கள் மனிதக் காயத்திலும் புகுந்துவிடும்.